ஒன்பது டேக்குகளைக் காணோம்

அத்தியாயம் 5

தொடாதே என்று அண்ணி சொன்னால் தொடக்கூடாது. இந்த அத்தியாயம் ஒரு பக்கத்தில் முடிந்திருக்கும். நான் தொட்டுவிட்டதால் நீள்கிறது.

நேராக இந்தப் பக்கத்தைப் புரட்டியவர்களுக்கு நாலு வரி. அண்ணி என்பவர் என் அண்ணன் மனைவி. இருபது வருஷம் கோர்ட்டில் சுருக்கெழுத்து எழுதியவர். அத்தனை வருஷப் பொய்களையும் கோடும் புள்ளியுமாக எழுதி எழுதி, கடைசியில் பொய்யைக் கேட்டாலே விரல் அரிக்கிறது என்று வேலையை உதறிவிட்டுத் துப்பறியும் ஆபீஸ் போட்டார். நான் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையை மூடிவிட்டு அவருக்கு உதவியாளாகப் போய்ச் சேர்ந்தேன். எனக்கு வயது நாற்பத்திரண்டு. என் வாய்க்கு அவ்வளவு ஆகவில்லை.

வழக்கு இதுதான். ஓர் இசையமைப்பாளர்; எல்லோரும் மாஸ்டர் என்று கூப்பிடுவார்கள். அவர் மனைவி பாடகி. அந்த அம்மாவுக்குத் தொண்டையில் கட்டி. செவ்வாய்க்கிழமை ஆபரேஷன், அதற்குப் பிறகு பேச்சு வந்தாலும் வரலாம், பாட்டு வரவே வராது என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். அதனால் திங்கட்கிழமை முழுக்க ஒரே பாட்டைப் பதினான்கு தடவை பாடவைத்துப் பதிவு செய்தார்கள். ஒவ்வொரு தடவைக்கும் டேக் என்று பெயர். புதன்கிழமை மாஸ்டர் கம்ப்யூட்டரைத் திறந்தபோது ஐந்து டேக்குகள்தான் இருந்தன. காணாமல் போன ஒன்பதும் நல்ல டேக்குகள். மிச்சமிருந்த ஐந்தும், மாஸ்டர் பாஷையில், குப்பை.

நல்லதைப் பொறுக்கி எடுத்து அழித்திருக்கிறான் என்றால் அவனுக்குக் காது இருக்கிறது என்று மாஸ்டர் முடிவு கட்டினார். அந்த ஸ்டூடியோவில் காது என்றால் ஒரே ஆள்தான், ஒலிப்பதிவாளர். மனிதருக்குப் பட்டப்பெயரே அதுதான். பக்கத்து வீட்டில் ஸ்பூன் விழுந்தால் அது என்ன சுருதி என்று சொல்லுவாராம். போதாக்குறைக்கு, "அம்மாவை இவ்வளவு பாட வைக்காதீங்க" என்று ஞாயிற்றுக்கிழமை மாஸ்டரோடு சண்டையும் போட்டிருந்தார். புதன்கிழமையே காதை வெளியே அனுப்பிவிட்டு, தெரிந்த நாலு ஸ்டூடியோக்களுக்கும் மாஸ்டர் போன் போட்டுச் சொல்லிவிட்டார். இன்று வெள்ளி. மாலை நாலு மணிக்கு ஸ்டூடியோக்காரர்கள் சங்கத்தின் கூட்டம். மாஸ்டரின் கடிதம் அங்கே படிக்கப்பட்டால், காது இனிமேல் எந்த ஸ்டூடியோவின் வாசற்படியையும் மிதிக்க முடியாது.

காது எதையும் மறுக்கவில்லை என்பதுதான் சிக்கல். "தப்பு என்னோடதுதான்" என்று ஒரே ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாராம். எங்களிடம் வந்தவர் அவர் மனைவி.

காலை பத்து மணிக்கு அண்ணி கீழே வண்டி நிறுத்துகிற இடத்தில் அந்தப் பெண்ணோடு பேசிக்கொண்டிருந்தார். என்னை மாடிக்கு அனுப்பும்போது, "தம்பி, போய்ப் பாரு. எதையும் தொடாதே" என்றார்.

பார்த்தேன். கறுப்புப் பஞ்சு ஒட்டிய சுவர்கள். நடுவில் கண்ணாடி, அதற்கு அந்தப் பக்கம் பாடுகிற அறை. இந்தப் பக்கம் பட்டன்கள் நிறைந்த பெரிய மேசை, கம்ப்யூட்டர், அதற்கு முதுகு காட்டியபடி எண்பத்தெட்டுக் கட்டைகளோடு ஒரு கீபோர்டு. காவலாளி சாவிக்கொத்தோடு என் பின்னாலேயே வந்து நின்றார்.

முதல் தடவை திறந்தது, ஒலிப்பதிவு மென்பொருள் வேலை செய்கிறதா என்று பார்க்க. அதில் குற்றமில்லை என்று இன்றைக்கும் வாதாடுவேன். இரண்டாம் தடவை திறந்தது, அது ஏதோ அப்டேட் கேட்டதால். மூன்றாம் தடவை?

"இது யார் தொட்டாலும் முரண்டு பண்ணும் சார். உங்களுக்கு மட்டும் டக்குனு திறக்குதே" என்றார் காவலாளி.

"அதெல்லாம் கை வாகு" என்று சொல்லி, மூடிவிட்டு, அவருக்காக இன்னொரு தரம் திறந்து காட்டினேன். கெட்டிக்காரன் என்று ஒருத்தர் சொல்லிவிட்டால் எனக்குக் கை நிற்காது. இந்த மூன்றாம் தடவையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான் மறக்கப்போவதில்லை.

அண்ணி மேலே வந்ததும் கம்ப்யூட்டர் பக்கமே போகவில்லை. கீபோர்டின் முன்னால் குனிந்து, இடது கோடியிலிருந்து விரலை மெதுவாக ஓட்டினார். விரலைப் பார்த்தார். மறுபடியும் ஓட்டினார்.

"தூசி தட்டுற வேலைக்குத் தனியா பில் போடலாமா அண்ணி?"

"போடலாம். உன் சம்பளத்துல கழிச்சுக்கறேன். லாக் பாத்தியா?"

லாக் என்பது மென்பொருள் தனக்குத் தானே எழுதிக்கொள்கிற டைரி. இன்ன நேரத்துக்கு இன்னது செய்தேன் என்று ஒவ்வொன்றையும் எழுதி வைக்கும். அதற்குள் ஓடுகிற ஸ்கிரிப்டுகள், அதாவது குட்டி வேலைகளைத் தானாகச் செய்கிற துண்டு நிரல்கள், என்ன செய்தன, எங்கே தடுக்கி விழுந்தன என்பதும் அதில் இருக்கும். திங்கட்கிழமை லாக் கிடைத்தால் ஒன்பது டேக்குகளை எது அழித்தது என்று தெரிந்துவிடும்.

"திங்கட்கிழமை லாக் இல்ல அண்ணி."

"ஏன்?"

"அஞ்சுதான் வச்சுக்கும். ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் புதுசா ஒண்ணு ஆரம்பிக்கும், ரொம்பப் பழசை வெளிய தள்ளிடும்."

"இப்ப இருக்கற அஞ்சும் என்னிக்கு எழுதினது?"

"இந்த வாரத்துதுதான்."

பொய்யில்லை. புதன் ஒன்று, மாஸ்டர் திறந்தது. வியாழன் ஒன்று, வெளியிலிருந்து வந்த இன்னொரு ஒலிப்பதிவாளர் திறந்தது. வெள்ளி மூன்று. அந்த மூன்றையும் யார் திறந்தது என்று அண்ணி கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. திரைக்கு முன்னால் கொஞ்சம் அகலமாக நின்றுகொண்டேன். அண்ணி என் முகத்தை, ஒரு சாட்சி தண்ணீர் கேட்கும்போது பார்ப்பாரே, அந்த மாதிரி பார்த்தார்.

"சரி, புதன்கிழமை லாக்ல என்ன இருக்கு?"

"ஒன்பது எரர். இந்த டேக்கைக் காணோம், அந்த டேக்கைக் காணோம்னு ஒன்பது தடவை அழுதிருக்கு. ரெண்டு, நாலு, அஞ்சு, ஏழு, ஒன்பது, பத்து, பதினொண்ணு, பதிமூணு, பதினாலு."

அண்ணி அதைச் சுருக்கெழுத்தில் குறித்துக்கொண்டார். சின்னச் சின்னதாக ஒன்பது கீறல்கள்.

மாஸ்டரும் அவர் மனைவியும் வந்தார்கள். வீடு ஸ்டூடியோவுக்குப் பின்புறம்தான். மாஸ்டர் நல்ல உயரம், வெள்ளைச் சட்டை, பையில் சங்கத்துக்கான கடிதம் துருத்திக்கொண்டு இருந்தது. அந்த அம்மாவுக்குக் கழுத்தில் கட்டு. கையில் ஒரு சின்ன வெள்ளைப் பலகை, ஒரு ஸ்கெட்ச் பேனா. பேச வேண்டியதை அதில் எழுதித்தான் காட்டுகிறார்.

"துப்பறியறதுக்கு இதுல என்னம்மா இருக்கு?" என்றார் மாஸ்டர். "அவனே தப்பு என்னோடதுன்னு ஒத்துக்கிட்டான்."

"எந்தத் தப்புன்னு சொன்னாரா?"

"அதை வேற சொல்லணுமா?"

"கோர்ட்ல சொல்லணும் சார்." அண்ணி அந்த அம்மாவின் பக்கம் திரும்பினார். "அம்மா, அன்னிக்குப் பாடினதுல எதெது நல்லா வந்துச்சுன்னு உங்களுக்கு ஞாபகம் இருக்கா?"

அந்த அம்மா யோசிக்கவே இல்லை. மளமளவென்று எழுதி நீட்டினார். 2, 4, 5, 7, 9, 10, 11, 13, 14.

நான் அண்ணியின் நோட்டை எட்டிப் பார்த்தேன். ஒன்று கூடப் பிசகவில்லை. காணாமல் போன எண்களை இந்த அம்மாவிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.

"பாடும்போதே எப்படிம்மா தெரிஞ்சுது?"

அவர் துடைத்துவிட்டு எழுதினார். 'இவர் வாயால நல்லாருக்குன்னு சொல்ல மாட்டார். முப்பது வருஷத்துல ஒரு தடவை சொன்னதில்ல. பிடிச்சிருந்தா, டேக் முடிஞ்சதும் கீபோர்டுல கடைசிக் கட்டையை ஒரு தட்டு. ஹெட்போன்ல டொம்முனு கேக்கும். அதுதான் எனக்குப் பாராட்டு.' இடம் போதாமல், துடைத்துவிட்டு மீண்டும் எழுதினார். 'அன்னிக்கு ஒன்பது தடவை தட்டினார். ஒரே நாள்ல அவ்வளவு தட்டினதே இல்ல.'

மாஸ்டர் கூச்சத்தில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பார்த்தார். "பழக்கம்" என்றார்.

அண்ணி தூசி படிந்த விரலைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டார்.

"சார், புதன்கிழமை நீங்க இதைத் திறந்தப்போ எரர்னு ஏதாவது கேள்வி கேட்டுச்சா?"

"கேட்டுச்சு. கம்ப்யூட்டர் எது கேட்டாலும் நான் சரின்னு அமுக்கிடுவேன். அதோட சண்டை போட எனக்கு நேரமில்ல."

அண்ணி என்னைப் பார்த்தார். எனக்குச் சட்டென்று உயிர் வந்தது. எரர் வரும்போது இந்த மென்பொருள், கம்பெனிக்குப் புகார் அனுப்பட்டுமா என்று கேட்கும். சரி என்றால் அன்றைய லாக்கையும் அதற்கு முந்தைய லாக்கையும் ஒன்றாகக் கட்டி மெயிலில் அனுப்பிவிடும். புதனுக்கு முந்தைய லாக் என்றால் திங்கள்தான். அனுப்பிய மெயிலில் ஒரு பிரதி இருக்கும்.

"ஸ்டூடியோ மெயில் பாஸ்வேர்டு என்ன மாஸ்டர்?"

"அதுவும் அவனுக்குத்தான் தெரியும்."

அந்த அம்மா பலகையில் எழுதிக் காட்டினார். அந்த அம்மாவுடைய பிறந்தநாள்தான் பாஸ்வேர்டு. மாஸ்டருக்கு அது தெரியாமல் இருந்தது அவர் முகத்திலேயே தெரிந்தது.

மெயில் இருந்தது. திங்கட்கிழமை லாக் முழுசாக இருந்தது. என் மூன்று திறப்புகளும் மன்னிக்கப்பட்டுவிட்டன என்று நினைத்துக்கொண்டு, விசில் அடிக்காத குறையாகத் திரையை எல்லோர் பக்கமும் திருப்பினேன். இப்போது அகலமாக நிற்க வேண்டிய அவசியம் இல்லையே.

ஒன்பது வரிகள், ஒரே அச்சில் வார்த்தது போல. நேரம், டேக் எண், பிறகு இது: 'ஸ்கிரிப்ட்: கடைசி டேக்கை ஒதுக்கு. ஏவியது: 21.'

"இருபத்தொண்ணா?" மாஸ்டர் எழுந்தே விட்டார். "அவனோட லாக்கர் நம்பர் இருபத்தொண்ணு. கீழ போய்ப் பாருங்க. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

நான் கீழே ஓடிப்போய்ப் பார்த்தேன். உண்மைதான். இரும்புக் கதவில் வெள்ளைப் பெயிண்டில் 21. உள்ளே ஒரு துவைத்த துண்டு, பழைய ஹெட்போன், தொண்டைக்கான மிட்டாய்ப் பெட்டி ஒன்று. பெட்டியின் மேல் 'அம்மாவுக்கு' என்று எழுதியிருந்தது. திரும்பி ஏறி வந்து, உண்மைதான் என்றேன்.

"லாக்கர் வந்து பட்டனை அமுக்காது தம்பி" என்றார் அண்ணி. "இந்த ஊமை மெஷினுக்கு இருபத்தொண்ணுன்னா என்ன?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கடை நடத்திய காலத்தில் கீபோர்டுகளும் ரிப்பேருக்கு வரும். இசை மென்பொருளுக்குச் சரிகமபதநி தெரியாது. அதற்கு ஒவ்வொரு கட்டையும் ஒரு நம்பர்தான். நடுவில் இருப்பது அறுபது. அங்கிருந்து இடது பக்கமாக எண்ணிக்கொண்டே போனால்.

வாயால் எண்ணிக்கொண்டே போனேன். வெள்ளையும் கறுப்புமாக, ஐம்பது, நாற்பது, முப்பது. இருபத்திரண்டு கறுப்பு. அதற்கு அடுத்தது, இடது கோடியில், கடைசி வெள்ளைக் கட்டை.

"இந்தக் கோடியில எல்லாக் கட்டையிலயும் தூசி" என்றார் அண்ணி. "இது ஒண்ணு மட்டும் கண்ணாடி மாதிரி இருக்கு. உள்ள வந்ததுமே, இந்தக் கட்டையை மட்டும் யார் விடாம தொடறாங்கன்னு நெனச்சேன். தம்பி, இப்ப தட்டு. இது நான் தொடச் சொல்றது."

தட்டினேன். டொம் என்றது. திரையில், மிச்சமிருந்ததில் மேலே நின்ற பன்னிரண்டாம் டேக், சத்தமில்லாமல் மறைந்தது. செய்ததைத் திருப்புகிற பட்டனை அமுக்கி, உடனே அதை மீட்டு வைத்தேன்.

மாஸ்டர் தன் இடது கையைப் பார்த்தார். பிறகு உட்கார்ந்தார். நாற்காலி இருக்கிறதா என்று பார்க்காமலே உட்கார்ந்தார், நல்லவேளையாக இருந்தது.

பின்னால் காது சொன்னதையும் சேர்த்தால், நடந்தது இவ்வளவுதான். காது தனியாக வேலை செய்யும்போது கீபோர்டில் உட்கார்ந்து வாசித்துப் பதிவு செய்வார். பிடிக்காத டேக்கை ஒதுக்க ஒவ்வொரு தடவையும் எழுந்து கம்ப்யூட்டருக்கு வரவேண்டும். அதனால் இணையத்தில் கிடைத்த ஒரு ஸ்கிரிப்டை ஞாயிற்றுக்கிழமை போட்டு, யாரும் வாசிக்காத கட்டை என்று அந்தக் கடைசிக் கட்டையோடு இணைத்திருக்கிறார். திங்கட்கிழமை அதை எடுக்க மறந்துவிட்டார். திரையில் மேல் டேக் மட்டும்தான் தெரியும், மற்றவை அடியில் மடிந்திருக்கும் என்பதால் யார் கண்ணிலும் படவில்லை. அந்த அம்மா நன்றாகப் பாடிய ஒவ்வொரு தடவையும், பாராட்டின கையே அதை அழித்திருக்கிறது.

அந்த அம்மா ஸ்கெட்ச் பேனாவுக்கு மூடி போட்டார்.

"இது வெளிய தெரிய வேண்டாம்" என்றார் மாஸ்டர். "லெட்டரைக் கிழிச்சுடறேன். அவனை நாளைக்கே வரச் சொல்றேன். பழையபடி இருக்கட்டும்."

"லெட்டரைக் கிழிக்கலாம் சார். நாலு ஸ்டூடியோவுக்குப் போன்ல சொன்னீங்களே, அதை எங்க போய்க் கிழிப்பீங்க?"

அண்ணி அவரை விட்டுவிட்டு, லாக்கின் மேல் பேனாவை வைத்தார்.

"தம்பி, ஒதுக்குன்னுதானே போட்டிருக்கு. அழின்னு போடலையே. ஒதுக்கினது எங்க போகும்?"

நான் திரையைப் பார்த்தேன். ஒவ்வொரு வரிக்கும் அடியில் ஒரு ஃபோல்டரின் பெயர் இருந்தது. ஒதுக்கிய டேக்குகளை அந்த ஸ்கிரிப்ட் தனியாகப் பத்திரப்படுத்தியிருக்கிறது. எத்தனை நாளைக்கு என்பதும் கீழேயே எழுதியிருந்தது. நாள் கணக்கு இல்லை. லாக்கைப் போலவேதான், ஐந்து திறப்புகள் வரைக்கும்.

திங்கள், புதன், வியாழன் என்று மூன்று. நான் இரண்டு தடவை திறந்ததோடு நிறுத்தியிருந்தால் ஐந்து. ஒன்பது டேக்குகளும் அப்போதும் அங்கேயே இருந்திருக்கும்.

ஃபோல்டரைத் திறந்தேன். காலி. கடைத் தொழிலில் கற்ற வித்தைகள் அத்தனையும் போட்டு முக்கால் மணி நேரம் தோண்டினேன். ஒரு மூச்சுச் சத்தம் கூடத் தேறவில்லை. பின்னால் மூன்று பேரும் அசையாமல் இருந்தார்கள். வேறு யாராவது திறந்திருப்பார்கள் என்று சொல்லிவிடலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் யோசித்தேன். வியாழக்கிழமை வந்த அந்த முகம் தெரியாத ஒலிப்பதிவாளர் தலையில் போட்டால் யார் கேட்கப் போகிறார்கள்?

அந்த அம்மா நிமிர்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். காலி ஃபோல்டர் என்றால் என்னவென்று அவருக்குத் தெரியாது. கிடைத்துவிடும் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

"அம்மா" என்றேன். "இன்னிக்குக் காலையில பத்து மணி வரைக்கும் அந்த ஒன்பதும் இங்க இருந்துச்சு. நான்தான் இதை மூணு தடவை திறந்தேன். தொடாதேன்னு சொல்லித்தான் அனுப்பினாங்க. மூணாவது தடவை திறந்ததுல போயிடுச்சு."

"எதுக்குத் திறந்தீங்க?" என்று கேட்டது மாஸ்டர். கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். மெதுவாகக் கேட்டார்.

"காவலாளி என்னைக் கெட்டிக்காரன்னாரு. இன்னொரு தடவை திறந்து காட்டினேன்."

வேறு காரணம் ஏதாவது இருந்திருக்கலாமே என்று இருந்தது. இருந்த காரணம் இவ்வளவுதான்.

அண்ணி என் பக்கம் பார்க்காமலே சொன்னார். "ஸ்கிரீனை மறைச்சு நின்னப்பவே தெரியும், நீ திறந்திருக்கேன்னு. லாக் மட்டும்தான் போச்சுன்னு நெனச்சேன். நீயா சொல்லட்டும்னு விட்டேன். இவ்வளவு பெரிசுன்னு எனக்கும் தெரியல." தெரிந்திருந்தால் முதலிலேயே கேட்டிருப்பேன் என்று ஏதோ முணுமுணுத்தார். அண்ணி தன்னைத் தானே குறை சொல்லிக்கொண்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

மாஸ்டர் கடிதத்தை எடுத்து மேசையில் போட்டார். அப்புறம் பையிலிருந்து போனை எடுத்தார். சங்கச் செயலாளரைக் கூப்பிட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டார்.

"செயலாளர் சார், லெட்டர் வராது. அந்த டேக்கையெல்லாம் அழிச்சது நான்தான். என் கையாலதான். கூட்டத்துல அப்படியே சொல்லிடுங்க. நாலு ஸ்டூடியோவுக்கும் நானே போன் பண்ணிடறேன்."

மாஸ்டர் வைத்துவிட்டு அடுத்த நம்பரை அழுத்தினார். நான்காவது போன் பேசும்போது அவர் குரல் உடைந்திருந்தது. ஆனால் ஒருத்தரிடமும் தவறுதலாக நடந்துவிட்டது என்று சொல்லவில்லை. நான்தான் என்றுதான் சொன்னார்.

கீழே காத்திருந்த காதின் மனைவி அவரை அழைத்துவரப் போனார். அரை மணியில் இருவரும் வந்தார்கள். காதுக்கு மூன்று நாள் தாடி. மனிதர் செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நின்றார்.

"இது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?" என்று அண்ணி கேட்டார்.

"புதன்கிழமை வீட்டுக்குப் போனதும் புரிஞ்சுது மேடம். ஸ்கிரிப்ட் எடுக்க மறந்துட்டேன். அது சுத்தமா அழிச்சிடும்னுதான் நெனச்சேன், ஒதுக்கி வைக்கும்னு தெரியாது. இனிமே கிடைக்காதுன்னு ஆனப்புறம், உங்க கைதான் அழிச்சுதுன்னு மாஸ்டர்கிட்ட போய் எப்படிச் சொல்றது? அதுவும் அம்மா முன்னாடி."

"சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?" என்றார் மாஸ்டர். "உன்னை நான் என்னவெல்லாம் பேசிட்டேன்."

"கட்டையில அதை வச்சது நான்தானே மாஸ்டர்."

"தட்டினது நான்டா."

"ரெண்டு பேரும் விடுங்க சார்" என்றேன். "நீங்க ரெண்டு பேரும் பண்ணதெல்லாம் இன்னிக்குக் காலை வரைக்கும் சரிபண்ணக் கூடிய தப்பு. என்னுதுதான் சரிபண்ண முடியாதது."

"நீங்க நேத்து வந்தவர். இது எங்க சமாச்சாரம்" என்று மாஸ்டர் என் மேல் பாய்ந்தார். பஸ்ஸில் ஜன்னலோர சீட்டுக்கு அடித்துக்கொள்வது போல மூன்று ஆண்கள் ஒரு குற்றத்துக்கு அடித்துக்கொண்டிருந்தோம். காதின் மனைவிக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

டக் டக் என்று பேனாவால் பலகையைத் தட்டினார் அந்த அம்மா. திரும்பிப் பார்த்தோம்.

'மூணு பேரும் நிறுத்துங்க. மிச்சம் அஞ்சு இருக்கில்ல? போடுங்க. நான் கேக்கணும்.'

மாஸ்டர் தலையை ஆட்டினார். "அது வேண்டாம்மா. அது நல்லா இல்ல."

அவர் துடைத்துவிட்டு எழுதினார். இந்தத் தடவை நிதானமாக, பெரிய பெரிய எழுத்தில்.

'நீங்க தட்டல. அவ்வளவுதான்.'

மாஸ்டர் அதைப் படித்தார். பலகையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு மறுபடியும் படித்தார். பிறகு தானே எழுந்து, ஒலிப்பதிவு மேசையின் நாற்காலியைக் காதுக்காக இழுத்துப் போட்டார்.

காது உட்கார்ந்தார். முதல் வேலையாகக் கட்டையிலிருந்து ஸ்கிரிப்டைக் கழற்றினார். பிறகு முதல் டேக்கைப் போட்டார்.

குரல் வந்தது. நான் பாட்டு தெரிந்தவன் இல்லை. கதவுப் பக்கம் நகர்ந்தேன். அந்த அறையில் நிற்கிற யோக்கியதை எனக்கு இல்லை என்று பட்டது. அண்ணி என் சட்டைக் கையைப் பிடித்தார்.

"எங்க போற? இருந்து கேளு."

இரண்டாவது வரியில் அந்த அம்மா தாளத்தைத் தவறவிட்டிருந்தார். பாட்டு நின்றது. ஸ்பீக்கரில், பாட்டு இல்லாத வெறும் பேச்சுக் குரலில், மூச்சு வாங்கச் சிரித்துக்கொண்டே, "அச்சச்சோ, விட்டுட்டேன். இன்னொரு தடவை போலாமாங்க?" என்றார். நல்ல டேக் எதிலும் இந்தப் பேச்சு இருந்திருக்க வாய்ப்பில்லை. கழுத்துக் கட்டோடு உட்கார்ந்திருந்த அந்த அம்மா, தன் குரலைக் கேட்டுத் தானும் சத்தமில்லாமல் சிரித்தார். மாஸ்டர் முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டார்.

காது அடுத்த டேக்கைப் போட்டார். அப்புறம் அதற்கடுத்தது. குப்பையே இவ்வளவு அழகாக இருந்தால், அந்த ஒன்பதும் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டே நின்றேன். மாஸ்டருக்கும் அந்த அம்மாவுக்கும் காதுக்கும் அது தெரியும். அவர்கள் திங்கட்கிழமை கேட்டிருக்கிறார்கள். நான் கேட்டதே இல்லை. கேட்காமலேயே தொலைத்துவிட்டேன்.